புது வண்டிக்குக் கையெழுத்துப் போடுமுன்

வேலு,

இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார். கையில் பிசின் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு வா. நான் போனில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று உன் பெண்டாட்டி தேன்மொழி சொல்லிச் சிரித்தாள். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது. மரக்காணத்திலிருந்து இடையஞ்சாவடிக்கு என்ன பெரிய தூரம், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், நேரில் சொல்லாமல் எழுதி அனுப்புகிறானே கிழவன், என்ன நோவு இவனுக்கு என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். இதைச் சொல்வதற்காகவே எத்தனையோ முறை உன் வீடுவரை வந்து, பாப்பாவுக்கு வாங்கிய முறுக்கைக் கொடுத்துவிட்டு, தேன்மொழி போட்ட டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வாய் வரவில்லை. இன்றைக்குச் செவ்வாய். வியாழக்கிழமை நீ ஷோரூமில் கையெழுத்துப் போடப் போகிறாய். அதற்குள் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு நீ எந்த வண்டியை வேண்டுமானாலும் வாங்கு, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். படகுப் பட்டறையை நீயே எடுத்து நடத்த ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. இனிமேல் செய்து முடித்த ஃபைபர் படகுகளை லாரிக்காரன் தயவுக்குக் காத்திருக்காமல் நீயே ட்ரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று முடிவு செய்தாய். சரியான முடிவு. ராமேஸ்வரம், கொச்சி, இந்தப் பக்கம் காக்கிநாடா என்று நீ அடுக்கியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்று வெள்ளை டீசல் வண்டி, அடியில் இரண்டு நீள இரும்புச் சட்டம் ஓடுவது, கனத்தை மெதுவாக இழுப்பதற்கென்று தனி லோ கியர் லிவரும் உண்டு. இன்னொன்று சாம்பல் நிறப் பெட்ரோல் வண்டி, உள்ளே உட்கார்ந்தால் ஏசி கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பளபளத் தரையில் மல்லாந்து படுத்துச் சாம்பல் வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். டை கட்டிய பையன் பதறிவிட்டான். "ஐயா, கீழ ஒண்ணும் இல்லீங்க. மேல பாருங்க, சன்ரூஃப் இருக்குது" என்றான். "மேல இருக்கிறத மழ பெய்யும்போது பாத்துக்கறேன். அடியில சட்டம் எங்கப்பா?" என்று கேட்டேன். "இதுல பாடியும் சட்டமும் ஒண்ணுதாங்க" என்றான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து சிரித்தேன்.

அப்புறம் அவன் உன்னைச் சாம்பல் வண்டிக்குள் உட்கார வைத்து ஸ்கிரீனைத் தட்டினான். "பின்னாடி ட்ரெய்லர் கனெக்ஷன் விட்டுப்போச்சுன்னா இங்க சிவப்பு லைட்டு வரும் சார், பீப்னு சத்தமும் குடுக்கும்" என்றான். அங்கே உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை நீ நல்ல கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாய், எவ்வளவு கனம் இழுக்கும், மலையிறக்கத்தில் பிரேக் சூடாகுமா, வழியில் ரிப்பேர் ஆனால் பார்ட்ஸ் கிடைக்குமா என்றெல்லாம். அந்த நிமிஷத்திலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. "இதுவே போதும்" என்றாய். நான் உன்னைத் தனியாக இழுத்து, "டேய், இது வெள்ள வண்டி அளவுக்கு இழுக்காதுடா. படகோட கடற்கர மணல்ல எறங்குனா வயிறு தட்டிக்கும்" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "தெரியும்ப்பா. ஆனா இது எனக்குச் சொல்லும். என் கைய நான் நம்ப மாட்டேன். புள்ளயும் பொண்டாட்டியும் உள்ள இருப்பாங்க" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஊர்ல கெளம்பும்போது நீ வந்து ட்ரெய்லருக்குப் பின்னு போட்டுக் குடுத்துடுப்பா. வழியில இந்த ஸ்கிரீன் பாத்துக்கும்" என்றாய். சுகர் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏது சுகர்? நீயும் நம்பி ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்தாய், மூடியைத் திறந்து கையில் கொடுத்தாய்.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம். உப்பு சீசன் முடிந்து மழைக்கு வானம் கட்டிக்கொண்டு நின்றது. நீ பாலிடெக்னிக் கடைசி வருஷம், லீவுக்கு வந்திருந்தாய். உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை ட்ரெய்லரில் ஏற்றி, நம் பழைய ஜீப்பில் மாட்டி, கூனிமேட்டுப் பட்டறைக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனோம். ட்ரெய்லரின் வளையத்தை ஜீப்பின் கொக்கியில் வைத்து, நடுவே இரும்புப் பின் இறக்கி, அடியில் கிளிப் போட்டது நீ. ஓட்டியது நான். உப்பளத்து மண் ரோட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறும் மேட்டில் உன் அம்மாவின் தம்பி, உன் ஏழுமலை மாமா, வழக்கம்போல முட்டுக்கட்டையோடு பின்னால் நடந்து வந்தான். வண்டி திணறினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும், நம் ஊரில் மேடு ஏற்றுகிற எல்லா வண்டிக்கும் பின்னால் இப்படி ஒரு ஆள் நடப்பான். பாதி மேட்டில் ட்ரெய்லர் கழன்றது. இன்ஜினோடு அத்தனை கனமும் பின்னால் உருண்டு அவனை வரப்போடு சேர்த்து அடித்தது. நீதான் முதலில் ஓடினாய். நீயும் பாத்தியிலிருந்து வந்த நாலு பேரும் ட்ரெய்லரைத் தூக்கினீர்கள். அதே ஜீப்பில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவன் தலை உன் மடியில் இருந்தது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் கேட்டாய், "எப்படிப்பா கழண்டுச்சு?" என்று. நான் உன்னைத் திருப்பிக் கேட்டேன், "பின்னு போட்டியாடா?" என்று. அவ்வளவுதான் கேட்டேன், வேலு. நீ போடவில்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டேன், உன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிப்போனதைப் பார்த்தேன். "போட்டேன்ப்பா" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "போட்டேன்னுதான் நெனைக்கறேன்" என்றாய். சாயங்காலம் உன் அம்மா வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, "கிளிப் மாட்டுனனான்னு ஞாபகம் இல்லம்மா" என்று நீயே சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஒரு நாளுக்குள் உன் கை செய்த வேலை உனக்கே மறந்துபோகும்படி செய்துவிட்டேன். இதுதான் உனக்குத் தெரிந்த கதை.

எனக்குத் தெரிந்தது இது. நீ பின் போட்டிருந்தாய். கிளிப்பும் போட்டிருந்தாய். கழன்றது பின் இல்லை, ஜீப்பின் கொக்கியே அடியோடு முறிந்தது. அந்தக் கொக்கியில் விரிசல் இருந்தது, அது எனக்கு முன்பே தெரியும்.

உப்பிலேயே பிறந்து உப்பிலேயே கிடக்கிற நமக்கு உப்பு கண்ணில் படுவதே இல்லை. வெளியூர்க்காரன் இரும்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தால் ஐயோ என்பான், நாம் தூசி என்று துண்டால் தட்டிவிடுவோம். அந்தச் சீசன் முழுக்க ஜீப் பாத்தி வரப்பிலேயே ஓடியது. குழாயில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவே போதாது, அதைச் சக்கரத்துக்கு ஊற்றினால் உன் அம்மா என்னைக் கொன்றிருப்பாள். ஆகவே ஆயுத பூஜைக்கு வண்டி கழுவ மோட்டார் கொட்டகைக் குழியில் ஊறிக்கிடந்த தண்ணீரைத்தான் மொண்டு ஊற்றினேன். அதை வாயில் வைத்தால் கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர், நம் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள். கழுவித் துடைக்கும்போது கொக்கியை ஒட்டவைத்த வெல்டிங் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு ஓடியிருந்தது. துண்டால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது.

அப்போதே வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாகப் பட்டறை எவன் திறந்து வைத்திருப்பான், பூஜை முடியட்டும், மழைக்கு முன்னால் இன்ஜினைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அங்கேயே கொக்கியையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு நடைதானே என்று நினைத்தேன். வருஷாவருஷம் பூஜைக்கு வண்டிக்கு அடிக்கிற கறுப்பு பெயின்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. கொக்கிக்கும் இரண்டு கை அடித்தேன், புதுசு மாதிரி ஆகிவிட்டது. பெயின்ட் காய்ந்ததும் நீ சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாய். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், "கொக்கிக்கும் வைக்கட்டாப்பா?" என்று கேட்டாய். "வைடா, அதுதான எல்லாத்தையும் இழுக்குது" என்றேன். வைத்தாய். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

மேட்டில் அந்தச் சத்தம் கேட்ட நொடியே எனக்கு என்னவென்று தெரியும். ஆனாலும் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஏன் என்று பதினோரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறேன், பதில் ரொம்பக் கேவலமானது. உன் அம்மாவுக்குப் பயந்தேன். அவள் தம்பி கால், அவள் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் வராந்தாவில் நின்றார்கள். சின்னப் பையன் மறந்துட்டான் என்றால் ஊர் விட்டுவிடும், அனுபவப்பட்ட ஆள் தெரிந்தே ஓட்டினான் என்றால் விடாது என்று அந்த ஒரு மூச்சில் கணக்குப் போட்டுவிட்டேன். நீ சின்னவன், மறந்துவிடுவாய், எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பயத்தில் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, வீட்டிலிருந்து துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பி வந்தேன். ட்ரெய்லர் மேட்டடியில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. உன் மாமாவைத் தூக்கிப்போன பதற்றத்தில் ட்ரெய்லரின் வளையத்தையோ ஜீப்பின் பின்பக்கத்தையோ எவனும் குனிந்து பார்த்திருக்கவில்லை. அதன் வளையத்தில் நம் கொக்கியின் முறிந்த துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, நீ போட்ட பின் அதில் நேராக நின்றது, கிளிப் அதன் இடத்தில் இருந்தது. இரும்பு முறிந்த இடத்தைப் பார்த்தேன். புதிதாக முறிந்த இரும்பு பளிச்சென்று இருக்கும். இதில் ஓரமாக விரல் அகலம்தான் பளிச்சென்று இருந்தது, மற்றதெல்லாம் துரு. அந்தத் துருவின் மேல் நான் அடித்த கறுப்பு பெயின்ட் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. எவன் பார்த்தாலும் சொல்லிவிடுவான். நான் கிளிப்பைக் கழற்றி, பின்னை உருவி, முறிந்த துண்டையும் சேர்த்துத் துண்டில் சுற்றி, பக்கிங்காம் கால்வாயில் வீசினேன். மறுநாள் திண்டிவனம் பக்கம், நம்மைத் தெரியாத ஒரு பட்டறையில் ஜீப்புக்குப் புதுக் கொக்கி போட்டேன். சாயங்காலம் பின் இல்லாத ட்ரெய்லரை ஊரே வந்து பார்த்தது. நீயும் பார்த்தாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நீ பாலிடெக்னிக்குக்குத் திரும்பிப் போகவில்லை. மாமா கூலிக்கு உப்பு வாரிய பாத்தியில் அவன் இடத்தில் நீ இறங்கினாய். இரண்டு சீசன் கால் வெடித்து, கண் சிவந்து, உப்பு வாரி அந்தக் கூலியை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவனுக்குச் செயற்கைக் கால் வைத்த பிறகு அதன் பட்டையை மாற்ற ஒவ்வொரு முறையும் புதுச்சேரிக்குக் கூட்டிப் போகிறாய். படகுப் பட்டறைக்குப் போன பிறகும் ஒரு ட்ரெய்லரைக்கூட நீயாக மாட்டியதில்லை, யாரையாவது கூப்பிட்டு மாட்டச் சொல்லி, அதையும் மூன்று முறை குனிந்து பார்ப்பாயாம். தேன்மொழி சொல்வாள். கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறாயாம். அவள் அதை வேடிக்கையாகச் சொல்வாள், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். நீ பிறவியிலேயே அப்படிப்பட்டவன் இல்லை. பத்து வயசில் எண்ணெய் விளக்குத் திரியை என்னைவிட ஒழுங்காகக் கத்தரிப்பாய்.

சரி, வண்டிக்கு வருகிறேன், அதையும் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. வெள்ளை வண்டியை எடு. அந்த ஸ்கிரீன் ஒயர் கழன்றால் சொல்லும், இரும்பு விரிசல் விட்டால் சொல்லாது. அடியில் முழுச் சட்டம் இருக்கிற வண்டிதான் வருஷக்கணக்கில் இழுப்பைத் தாங்கும். லோ கியர் இருந்தால் மணலிலிருந்து படகை உருவிக்கொண்டு ஏறலாம், மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறை, ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்று. உன் படகு கனமில்லை, ஆனால் காற்று வாங்கும், பாம்பன் பக்கம் மெதுவாகப் போ. ட்ரெய்லரில் எடை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழட்டும், பின்னால் போனால் வேகத்தில் வால் ஆட்ட ஆரம்பிக்கும், அப்புறம் அடங்காது. கொக்கி கம்பெனியே போட்டுத் தருவதாக இருக்கட்டும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வை, கொக்கி போனாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலி குறுக்காகப் போடு. அன்றைக்கு இதில் ஒன்று இருந்திருந்தால்கூட உன் மாமா இரண்டு காலோடு நடப்பான். கடல் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் அடியை நல்ல தண்ணீரில் கழுவு. எந்தப் பூஜையாக இருந்தாலும் இரும்பைச் சுரண்டிப் பார்க்காமல் பெயின்ட் அடிக்காதே. ட்ரெய்லரை நீயே மாட்டு, உன் கையால் பின் இறக்கு. உன் கையை நம்பி நான் என் பேத்தியை அந்த வண்டியில் ஏற்றுவேன்.

நேற்று காலை மோட்டார் கொட்டகைக்குப் போனேன். காலில்லாமல் பாத்தியில் நிற்க முடியாது என்று ஏழுமலை அங்கேதானே காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். டீ குடித்துக்கொண்டிருந்தான். "வா மாமா, என்ன காலங்காத்தால, வேலு வண்டி எடுக்கறானாமே" என்றான். நான் உட்காரவில்லை. நின்றபடியே இதில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனப் பொட்டையும் விடவில்லை. முடித்ததும், "அந்தப் பின்னு?" என்றான். "கால்வாயில போட்டுட்டேன்" என்றேன். கையிலிருந்த டீயை என் மூஞ்சியில் ஊற்றுவான் என்று நினைத்தேன், ஊற்றினால் நல்லது என்றுகூட நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்தான்.

"என் காலு போனது என்னோட பாடு. அத நான் பாத்துக்கறேன். விரிசல் உட்ட இரும்ப ஓட்டாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? நானே ஓட்டியிருப்பேன்" என்றான். அப்புறம்தான் அவனுக்குக் குரல் ஏறியது. "நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்கா சாவக் கெடந்தாளே, அந்தப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு, எந்தம்பி கால எடுத்துட்டியேடான்னு சொல்லிட்டுப் போனாளே. நீ எங்க இருந்த? கட்டில் ஓரத்துலதான உக்காந்திருந்த? வாயில என்ன வச்சிருந்த நீ?" என்று கத்தினான். வேலு, நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா உன்னை அப்படிச் சொன்னதைக் கேட்டேன், நீ அழுததைக் கேட்டேன், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சாகிறவள் என்னை வெறுத்துக்கொண்டு சாகக் கூடாது என்று மூடிக்கொண்டேன். உன்னை நொந்துகொண்டு சாகட்டும் என்று விட்டுவிட்டேன். அவளிடம் இனி யாராலும் போய்ச் சொல்ல முடியாது. மன்னித்துவிடு என்று இந்தக் காகிதத்தில் எழுதப் பேனா ஓடமாட்டேன் என்கிறது, அந்த வார்த்தையைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

"இப்பவே பஸ் ஏறு, போயி அவன்கிட்ட சொல்லு" என்றான் ஏழுமலை. என்னால் முடியாது என்றேன். உன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும் என்றேன். "அப்ப எழுதிக் குடு. தபால்ல போடாத. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். அவன் இதைப் பிரித்துப் பார்க்க மாட்டான், நீ பாதியில் கிழித்துப் போடவும் விடமாட்டான். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். இத்தனை வருஷமாக அவன் முன்னால் நிற்கும்போதெல்லாம் நீ தரையைப் பார்த்துத்தான் பேசுகிறாயாம், நேற்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. "எம்மூஞ்சியப் பாக்கச் சொல்லு மாமா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றான். காகிதத்தைக் கீழே வை, வேலு. தலையைத் தூக்கி உன் மாமாவைப் பார்.